பழைய எண்ணெயைத் திரட்ட வழி செய்யுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 35,000 டன் விமான எரிபொருள் தயாரிக்கும் இந்தியன் ஆயிலின் பானிப்பட் ஆலைத் திட்டம் குறித்த செய்தி படித்தேன். வரவேற்க வேண்டிய முயற்சி. தாவர எண்ணெயைச் சிறிய அளவில், கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த எண்ணெயோடு கலந்து, இருக்கிற சுத்திகரிப்பு ஆலையிலேயே பதப்படுத்த முடியும். சென்னை மணலி ஆலையில் உள்ளது போன்ற வினையூக்கிப் பிளப்பு அலகுகளுக்கும், அதாவது வேதிவினையை விரைவாக்கும் வினையூக்கியின் உதவியால் கனமான எண்ணெயை இலகுவான எரிபொருளாக உடைக்கும் அமைப்புகளுக்கும், இது பொருந்தும். எண்ணெயில் உள்ள ஆக்சிஜன் நீராகவும் கார்பன் வாயுக்களாகவும் பிரிந்துவிடும். பலகாரத்திலிருந்து சேரும் உப்பை மட்டும் முன்பே நீக்க வேண்டும். சோடியம் வினையூக்கியைக் கெடுத்துவிடும். ஆக, தொழில்நுட்பம் தயார். பழைய எண்ணெயைத் திரட்டுவதுதான் பெரும்பாடு.

எங்கள் தெருவில் பஜ்ஜிக் கடை நடத்துபவரிடம் கேட்டேன். ஒரு கேன் நிறையாமல் சேகரிப்பவர்கள் வருவதில்லையாம். அதனால் மிஞ்சிய எண்ணெயை இன்னொரு தள்ளுவண்டிக்காரருக்கே விற்றுவிடுகிறார். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உருவாகும் 'மொத்தத் துருவச் சேர்மங்கள்' 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 முதல் இருக்கிறது. ஆனாலும் அந்த எண்ணெய் நம் வயிற்றுக்குத்தான் வருகிறது. மாநகராட்சி வார்டுதோறும் வாரம் ஒருமுறை ஒரு லிட்டரானாலும் பெற்றுக்கொண்டு, கையோடு பணம் கொடுக்க வேண்டும். அந்த ரசீதைக் காட்டும் சிறு கடைகளுக்கு உரிமக் கட்டணத்தில் சலுகையும் தரலாம்.