பத்து யோசனைகளும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பக் கார்களின் பெட்ரோல் செலவைக் குறைப்பது பற்றி உங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரைதான். ஆனால் பத்து யோசனைகளை வரிசையாக அடுக்கியவர், எதைச் செய்தால் சொட்டு மிச்சம், எதைச் செய்தால் லிட்டர் கணக்கில் மிச்சம் என்று சொல்லவே இல்லை. படிப்பவர் டிக்கியில் கிடக்கும் பழைய பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, வழக்கம்போல மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் பறப்பார். அப்புறம் மைலேஜ் எங்கே கூடும்?

முதலில் அந்தப் பத்தில் ஒன்றைத் திருத்த வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்கிறது கட்டுரை. இது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய கருவி) காலத்துப் பேச்சு. கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலையே கணினி நிறுத்திவிடுகிறது. சக்கரங்கள்தான் இன்ஜினைச் சுழற்றுகின்றன. வேகம் நன்றாகக் குறைந்து, இன்ஜின் நின்றுவிடும் நிலை நெருங்கினால்தான் மறுபடி பெட்ரோல் விடும். நியூட்ரலில் போட்டாலோ இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும். அந்த நொடியில் ஆகும் செலவைக் காட்டும் திரை உங்கள் காரில் இருந்தால், ஒரு நீண்ட இறக்கத்தில் கியரிலேயே காலை எடுத்துப் பாருங்கள், எண் பூஜ்யத்துக்கு இறங்கும். (லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்று காட்டும் கார்களில் உச்சத்துக்கு ஏறும்.) அதைவிட முக்கியம், நியூட்ரலில் இன்ஜினின் பிடி போய்விடுவதால் முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். மலைப்பாதையில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, ஒரு குடும்பக் கார் எவ்வளவுதான் பெட்ரோல் குடிக்கும்? நடுத்தர அளவு பெட்ரோல் கார் 100 கி.மீ.க்கு சுமார் 6 முதல் 9 லிட்டர் எடுக்கும். அதாவது லிட்டருக்கு சுமார் 11 முதல் 17 கி.மீ. ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் உள்ள கார்) என்றால் 20-ஐத் தாண்டும். நிறுவனம் சொல்லும் எண் ஆய்வுக்கூடத்தில், உருளைகள் மேல் காரை ஓடவிட்டு எடுத்தது. ஐரோப்பாவில் பழைய சோதனை முறை சாலை நிலவரத்துக்கு ஒத்துவரவில்லை என்றுதான் 2017 முதல் டபிள்யூ.எல்.டி.பி. என்ற கடுமையான முறைக்கு மாறினார்கள். அதிலும் உங்கள் வலது கால் ஆக்சிலரேட்டரை எப்படி மிதிக்கிறது என்று யாரும் சோதிக்கவில்லை.

ஆகவே நீங்களே அளப்பதுதான் வழி. குழாய் தானாக 'டக்' என்று நிற்கும்வரை டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரை (ஓடிய தூரத்தைக் காட்டும், பூஜ்யமாக்கக்கூடிய எண்) பூஜ்யம் ஆக்குங்கள். அடுத்த முறையும் அதேபோல நிரப்பி, ஓடிய தூரத்தை இப்போது பிடித்த லிட்டரால் வகுத்தால் போதும். 420 கி.மீ. ஓடி 30 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 14. டாஷ்போர்டு காட்டும் சராசரி பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும்.

இனி, லிட்டர் கணக்கில் மிச்சம் தருவது எது? என்னைக் கேட்டால், முதல் இடம் வேகத்துக்குத்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். 80-இலிருந்து 120-க்குப் போனால் அது இரண்டே கால் மடங்கு. இதனால் மிச்சமாகும் நேரமோ அற்பம்: 50 கி.மீ. தூரத்தை 110-இல் போனால் 27 நிமிடம், 90-இல் போனால் 33 நிமிடம். அந்த ஆறு நிமிடமும் அடுத்த சிக்னலிலேயே போய்விடும். நகரத்துக்குள் கதை வேறு. அங்கே பெட்ரோலைத் தின்பது பிரேக்தான். அழுத்தி வேகம் ஏற்றி, உடனே பிரேக் போட்டால், எரித்த பெட்ரோலெல்லாம் பிரேக் தட்டில் சூடாகப் போய்விடுகிறது. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் காலை எடுத்துவிடுங்கள். பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.

கூரைமேல் பெரிய சாமான் பெட்டி வைத்திருப்பவர்கள் பயணம் முடிந்ததும் கழற்றிவிடுவது நல்லது. நெடுஞ்சாலை வேகத்தில் 10 முதல் 25 சதவீதம் வரை அதுவே விழுங்கும். இன்ஜினை அணைக்காமல் சும்மா நிற்கும் காரும் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் எரிக்கும், ஏ.சி. ஓடினால் இன்னும் கூடும்.

மற்றவை சில்லறை. 45 கிலோ கூடுதல் எடைக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் பெட்ரோல் கூடும். நான்கு டயரிலும் காற்றழுத்தம் 10 பி.எஸ்.ஐ. (டயர் அழுத்தத்தின் அலகு) குறைந்தால் சுமார் இரண்டு சதவீதம் (ஆனால் டயர் சூடேறி வெடிக்கும் அபாயம் இருப்பதால் காற்றை எப்படியும் பார்க்கத்தான் வேண்டும், வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது). ஏர் ஃபில்டர் அடைத்தால் இன்ஜெக்‌ஷன் காரில் வேகம் ஏறும் வலு குறையுமே தவிர, மைலேஜ் பெரிதாக மாறாது. விலை கூடிய உயர் ஆக்டேன் (பிரீமியம்) பெட்ரோலை உங்கள் இன்ஜின் கேட்கவில்லை என்றால் போடவே வேண்டாம்.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று, குறுந்தூர ஓட்டம். குளிர்ந்த இன்ஜின் சூடாகும்வரை கூடுதல் பெட்ரோல் கேட்கும். இரண்டு கி.மீ. தூரக் கடைக்குப் போய்வரும்போது அது சூடாவதற்குள் வீடு வந்துவிடும். நாலு சின்ன வேலையை ஒரே சுற்றில் முடித்தால் இந்தச் செலவு ஒரு முறைதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்