கழற்றப்படாத தண்டுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடவுளின் இல்லம் என்றாலே பெரிய கட்டடம்தான் கண்முன் வருகிறது. ஆனால் பைபிளின் யாத்திராகமத்தில் அவர் கேட்ட வாசஸ்தலம் ஒரு கூடாரம். மேலே ஆட்டுமயிரில் நெய்த 11 மூடுதிரைகள். என் மனதில் நிற்பது, அதனுள் இருந்த, பத்துக் கட்டளைக் கற்பலகைகள் வைத்த உடன்படிக்கைப் பெட்டியைச் சுமக்கும் தண்டுகள். பொன்தகட்டால் மூடிய அந்தத் தண்டுகளை வளையங்களிலிருந்து கழற்றவே கூடாது என்பது கட்டளை (25:15). மக்கள் கிளம்பினால் கடவுளும் கிளம்பத் தயார்!

யோவான் நற்செய்தி 1:14-இல் இயேசு நமக்குள்ளே ‘வாசம்பண்ணினார்’ என்று படிக்கிறோமே, மூலக் கிரேக்கச் சொல்லுக்குக் கூடாரமிட்டார் என்றே பொருள். அப்புறம் அப்போஸ்தலர் பவுல், கொரிந்து நகரக் கிறிஸ்தவச் சபையாரையே தேவனுடைய ஆலயம் என்கிறார். கூடி ஜெபிக்கக் கட்டடம் வேண்டும்தான், சரி. ஆனால் எழுந்து நடக்க முடியாத ஒரு முதியவரின் கட்டில் அருகே ஜெபிக்கும்போது, அந்தச் சின்ன அறையும் எனக்கு வாசஸ்தலமாகவே தெரிகிறது.

- ஒரு வாசகர்