ஆகஸ்ட் விடுமுறைக்கு என்ன படம் போடப் போகிறீர்கள்?

எங்கள் சனசமூக நிலையத் தலைவர், செயலாளர், படம் தெரிவு செய்கிற தம்பி தங்கைமார் எல்லாருக்கும் வணக்கம்.

போன டிசம்பர் விடுமுறையில் நீங்கள் போட்ட மாயாஜாலப் படத்தைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடு இருக்கிறது. படத்தின் பெயர் வேண்டாம், அன்று வந்தவர்களுக்குத் தெரியும். வீரன் பறந்தான், மலையைப் பிளந்தான், செத்தான், எழும்பினான், திரும்பவும் பறந்தான். செத்தவன் ஏன் எழும்பினான் என்று எனக்கும் விளங்கவில்லை, என் மடியில் இருந்த பேத்திக்கும் விளங்கவில்லை. அரை மணித்தியாலத்தில் தாய்மார் கிணற்றடிக்குப் போய்க் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். பொடியன்கள் கச்சான் கோதால் எறிபட்டார்கள். பேத்தி நித்திரை. நோட்டீசில் மட்டும் ‘குடும்பத்தோடு பார்த்து மகிழுங்கள்’ என்று இருந்தது.

நான் சும்மா குறை சொல்ல வரவில்லை. 1990களில் ரீவி, வீடியோ கசற் போடுகிற டெக், மண்ணெண்ணெயில் ஓடி மின்சாரம் தருகிற லைற் மிசின் மூன்றையும் லான்ட்மாஸ்டர் உழவு மிசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் படம் போட்டவன் நான். மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. சனம் இடையில் எழும்பிப் போனால் எண்ணெய்க் காசு என் தலையில். அதனால் படத்தைப் பார்த்ததைவிட, பார்க்கிறவர்களின் முகத்தைத்தான் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன்.

ஒருவரும் எழும்பாத படம் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது ‘மாயா பஜார்’. 1957இல் வந்தது. எஸ். வி. ரங்காராவ் கடோத்கஜனாகக் கல்யாணச் சாப்பாட்டுக்கு முன்னால் இருப்பார், லட்டு தானாக எழும்பி வாய்க்குள் போகும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் மார்கஸ் பார்ட்லி கமெராவை வைத்தே செய்த வித்தை. அந்த இடம் வந்தால் முன் பாயில் இருக்கிற பிள்ளைகளின் வாயும் சேர்ந்து திறக்கும். ஆனால் சனத்தைக் கட்டிவைத்தது லட்டு இல்லை. அந்தப் படத்தில் ஒரு பெட்டி வரும். திறந்து பார்க்கிறவருக்கு அவர் மனத்துக்கு மிகவும் பிடித்தது தெரியும். மனத்தில் இல்லாததை அந்தப் பெட்டி காட்டாது. ஒவ்வொருவராகத் திறக்கத் திறக்க, யார் மனத்தில் என்ன என்று வெளிக்கும். சின்னனுகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பின்னால் இருக்கிற பெரியவர்கள் சத்தமில்லாமல் பார்ப்பார்கள்.

ஒருமுறை அந்த இடத்தில் மண்ணெண்ணெய் முடிந்து மிசின் நின்றுவிட்டது. ஏச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மிச்சப் படத்தைப் போட அடுத்த கிழமை போனால், அங்கே பிள்ளைகள் வெறும் மாப்பேணி, அதுதான் மா வந்த தகர டின், ஒன்றை நடுவில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மூடியைத் திறந்து உள்ளே என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். ஒருவனுக்குக் கொத்துரொட்டி தெரிந்தது. ஒருத்தி திறக்கவே மாட்டேன் என்றுவிட்டாள்.

படம் தெரிவு செய்யும்போது இதைத்தான் பாருங்கள் என்று கேட்கிறேன். மாயத்துக்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும். என்ன செய்யும், என்ன செய்யாது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பிடிபட வேண்டும். எதையும் செய்யலாம் என்றால் பிறகு எதற்குப் பயப்படுவது, எதற்குக் காத்திருப்பது? நம்முடைய பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. வைகாசியில் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரித்து, அப்புறம் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போகிற முறையைப் பார்த்து வளர்கிறவர்கள் அவர்கள். எந்த நாள், எந்த வழி, யார் எடுப்பது என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்குதான் விளக்கை வாய் பிளந்து பார்க்க வைக்கிறது.

பயத்தைப் பற்றியும் ஒரு சொல். பயங்கரக் காட்சியே வேண்டாம் என்று சில பெற்றோர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூத்தில் காத்தவராயன் கழுமரம் ஏறுகிறபோது அம்மம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர்கள்தானே நாங்கள். அவன் யாருடைய பிள்ளை, தாய் ஏன் அழுகிறாள் என்று தெரிந்துகொண்டு பயந்தோம். டிசம்பர் படத்தில் வெட்டுப்பட்ட இருநூறு பேரில் ஒருவனுடைய பெயராவது யாருக்காவது தெரியுமா?

சரி, குறை போதும். நான் சொல்வது இரண்டு படம். ஒன்று மாயா பஜார்தான். கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம் ஓடும் என்பதால் இரண்டு இரவாகப் போடுங்கள், ஆவலைக் கூட்டுகிற ஒரு காட்சியோடு முதல் இரவை முடித்தால் அடுத்த நாள் வராமல் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

மற்றது ஜப்பான்காரர் மியாசாகி 1988இல் எடுத்த கார்ட்டூன் படம், ‘மை நெய்பர் டொட்டொரோ’. 86 நிமிடம்தான். தாய் ஆஸ்பத்திரியில், தகப்பன் இரண்டு பெண் பிள்ளைகளோடு கிராமத்து வீடொன்றுக்குக் குடிவருகிறார். வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. மழை இரவில் தகப்பனின் பஸ்ஸுக்காகப் பிள்ளைகள் காத்து நிற்கிறார்கள். பக்கத்தில் ஒரு பெரிய காட்டுச் சீவன் வந்து நிற்கிறது. மூத்தவள் அதற்கொரு குடையைக் கொடுக்கிறாள். மரத்திலிருந்து துளி குடையில் விழுகிற சத்தம் அதற்கு அவ்வளவு பிடித்துப்போகிறது. மாரி மழையில் பஸ்ஸுக்கு நின்ற எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சத்தம் தெரியும். போனில் பார்த்த என் பேத்தி அடுத்த மழைக்குக் குடையோடு மாமரத்தடியில் போய் நின்றாள்.

பாஷை விளங்காதே என்பீர்கள். அதில் பேச்சு குறைவு. தேவையான இடத்தில் ஒரு தங்கச்சி மைக்கில் தமிழில் சொன்னால் போதும். கூத்துக்கு ஏடு பார்த்துச் சொல்லிக்கொடுத்த ஊர்தானே.

இன்னொன்று. ஏழு மணிக்கென்று போட்டுவிட்டு எட்டரைக்குத் தொடங்காதீர்கள். குளக்கட்டுப் பக்கம் திரும்பவும் யானை இறங்குகிறது. கடைசி வீட்டுக்காரர் ஒன்பதுக்கு முன் வீடு சேர வேண்டும். புரொஜெக்டருக்கு நீள வயர் இல்லையென்றால் என்னிடம் பழையது ஒன்று இருக்கிறது, பொடியன் ஒருவனை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பழைய படக்காரன்