"ஈபிஎஃப் புடிப்பீங்களா தங்கச்சி?"

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, நம்ம பிள்ளைங்களுக்கு நம்மாளு கடையில வேல செய்யப் புடிக்கல, எல்லாம் சூப்பர்மார்க்கெட் கவுண்டருக்குத்தான் ஓடுதுங்கன்னு. படிச்சதும் சுருக்குன்னு இருந்துச்சு, ஏன்னா இந்த வருச ஆரம்பத்துல நானும் இதே பேச்சத்தான் பேசிக்கிட்டு இருந்தேன்.

நான் பத்தாங் பெர்ஜுந்தையில (பெஸ்தாரி ஜெயான்னு போர்டு மாத்தி இத்தன வருசமாச்சு, எங்க வாயில இன்னும் பெர்ஜுந்தைதான்) சின்னதா ஒரு தையல் கட வச்சிருக்கேன். பதினோரு வருசமா தனியாளு. போன தீபாவளிக்கு முந்தின ராத்திரி மூணு மணி வரைக்கும் பிளவுஸுக்கு கொக்கி கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், கண்ணு சொருகி ஊசி நகத்துக்குள்ள ஏறிடுச்சு, அப்பத்தான் ஒரு ஆள் போட்டுக்கணும்னு முடிவு பண்ணேன்.

2025 சீனப் பெருநாள் கழிச்சி ஒரு பொண்ணு வந்துச்சு. எஸ்பிஎம் (அஞ்சாம் பாரத்து அரசாங்கப் பரீட்ச) முடிச்ச பொண்ணு, பக்கத்து தோட்டம். கூட அம்மாவும் வந்தாங்க, செம்பனையில உதிரிப்பழம் பொறுக்குறவங்க. நான் தேத்தண்ணி வாங்கிக் குடுத்துட்டு பெரிய மனசு பண்றமாதிரி சொன்னேன், மாசம் 1,200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), கையில காசு, மதியம் சோறு, நம்ம வீட்டுப் புள்ள மாதிரி பாத்துக்குறேன்க்கா கவலப்படாதீங்கன்னு. அந்தம்மா கிளாஸ கீழ வச்சிட்டு, "அதெல்லாம் சரி, ஈபிஎஃப் புடிப்பீங்களா தங்கச்சி?"ன்னாங்க. ஊழியர் சேமநிதியத்தான் கேக்குறாங்க.

எனக்கு பதில் வரல. எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவரு. சம்பளத்தன்னிக்கு கிராணி குடுக்குற சீட்ட எங்கிட்ட நீட்டி, ஈபிஎஃப் எவ்ளோ புடிச்சிருக்கான்னு பாரும்மான்னு வாசிக்கச் சொல்லுவாரு, அப்ப நான் நாலாவது படிக்கிறேன். தோட்டத்து வீட்ட காலி பண்ணுன்னு சொன்னப்ப அந்தக் காசுலதான் நாங்க வீட்டுக்கு முன்பணம் கட்டுனோம். அப்படிப்பட்ட வீட்டுல பொறந்துட்டு நான் அந்தப் பொண்ணுக்கு சோறு போடுறேன்னு பேரம் பேசிக்கிட்டு இருக்கேன்.

சரி, கட வச்சிருக்கிற ரெண்டு மூணு பேரக் கேட்டேன். மூணு மாசம் பாரு, நின்னுச்சுன்னா பதிஞ்சிக்கலாம்னாரு ஒருத்தரு. அஞ்சு பேருக்குக் கீழ இருந்தா ஒண்ணுமே தேவையில்லன்னாரு இன்னொருத்தரு. ரெண்டும் தப்பு. ஒரே ஒரு ஆளா இருந்தாலும் முத மாசத்துலேர்ந்தே கட்டணும், ஈபிஎஃப்ல 7 நாளுக்குள்ள பதியணும், சொக்சோவுல, அதான் தொழிலாளிங்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துல, 30 நாளுக்குள்ள. அந்த அஞ்சு பேரு கணக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னா குறைந்தபட்ச சம்பளத்துலேர்ந்து. 1,700 வெள்ளி அஞ்சும் அதுக்கு மேலயும் ஆள் வச்சிருக்கிறவங்களுக்கு 2025 பிப்ரவரி 1லேர்ந்து, எங்களமாதிரி கடைங்களுக்கு ஆகஸ்ட் 1லேர்ந்து, தேதிதான் தள்ளுச்சே தவிர சலுக ஒண்ணும் கெடையாது. நான் அன்னிக்கு பெரிய மனசா சொன்ன 1,200கூட அப்ப இருந்த 1,500க்கு கம்மிதான்.

இப்ப 1,700 சம்பளத்துக்கு ஈபிஎஃப்புக்கு நான் என் பக்கம் 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி கட்டுறேன், அந்தப் பொண்ணு சம்பளத்துலேர்ந்து 187 போகுது, சொக்சோ, எஸ்ஐபி (வேல போனா கைகுடுக்குற காப்புறுதி) ரெண்டும் சேத்து எனக்கு இன்னொரு முப்பது வெள்ளி சொச்சம். அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கட்டிடணும், ஒரு தடவ மறந்து அபராதமும் கட்டியாச்சு. வலிக்காமல்லாம் இல்ல. பிளவுஸுக்கு அஞ்சு வெள்ளி ஏத்துனேன், பழைய வாடிக்க ரெண்டு பேரு மூஞ்ச தூக்கிக்கிட்டு போனவங்க இன்னும் வரல. அந்தப் பொண்ணே முத மாசம், "அக்கா என் காசு கொறையுதே"ன்னு சிணுங்குச்சு, அவங்கம்மா போன்லயே ஒரு புடி புடிச்சாங்க பாருங்க, மிசின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டுச்சு.

ஜூன் மாசம் ஒரு நாள் காலையில வேலைக்கு வர்றப்ப தோட்டத்து செம்மண் ரோட்டுல மோட்டார் சைக்கிள் சறுக்கி அந்தப் பொண்ணுக்கு மணிக்கட்டு முறிஞ்சி போச்சு. வேலைக்கு வர்ற வழியில நடந்தாலும் சொக்சோவுல உண்டுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும், 48 மணி நேரத்துக்குள்ள நான் தெரியப்படுத்தணும்னாங்க, என் அண்ணன் மவன் கம்ப்யூட்டர்ல பாத்து பண்ணிக் குடுத்தான். ஆறு வாரம் எம்சி (மருத்துவ லீவு), அதுக்கு நாள் சம்பளத்துல 80 விழுக்காடு சொக்சோ குடுத்துச்சு. கையில காசு குடுத்து ஆள் வச்சிருந்தா அன்னிக்கு நான் அந்தம்மா மொகத்துல எப்படி முழிச்சிருப்பேன்?

இதுல ஒரு கூத்து, கடையில வேல செய்ற புள்ளைக்கு சேமிப்பு ஏறுது, முதலாளியம்மா எனக்கு பதினோரு வருசமா ஒரு காசு இல்ல. இப்பத்தான் ஐ-சாரான்ல (சொந்தத் தொழில் பண்றவங்க ஈபிஎஃப்ல தானா காசு போடுற திட்டம்) பதிஞ்சி மாசம் அம்பது வெள்ளி போடுறேன்.

அந்த வாசகர் மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா சூப்பர்மார்க்கெட்டுல சம்பளச் சீட்டு குடுக்குறான், ஈபிஎஃப் ஏறுது, பாங்குல மோட்டார் சைக்கிள் கடன் கேட்டா அந்தச் சீட்டத்தான் காட்டச் சொல்றான். நாம என்ன குடுக்குறோம், வீட்டுப் புள்ளங்கிற பேருதான். வீட்டுப் புள்ளன்னு சொல்லிட்டோம்னா ஓவர்டைம் கேக்காது பாருங்க.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள் ஐயா. உங்க விளம்பரப் பக்கத்துல 'ஆட்கள் தேவை'ன்னு தினமும் வருது, சாப்பாடு தங்குமிடம் இலவசம்னு கொட்ட எழுத்துல போடுறாங்க. விளம்பரம் குடுக்க வர்றவங்ககிட்ட ஈபிஎஃப், சொக்சோ உண்டான்னு கேட்டு அதையும் ஒரு வரி சேத்து அச்சடிக்க முடியுமா? அடுத்த மாசம் தீபாவளி கழிஞ்சதும் நானே ரெண்டாவது ஆளுக்கு விளம்பரம் குடுக்க வர்றேன், என்னோடதுலேர்ந்தே ஆரம்பிங்க.

இப்படிக்கு,
தையல் கட வாசகி,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்