சிலேட்டும் மானியமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி ஆய்வு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஆய்வாளர்களின் கண்டிப்பால்தான் கல்வி உயர்ந்தது என்கிறது. முப்பதாண்டுகள் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை.

கல்விப் பொறுப்பை வகித்த அமைச்சர் ராபர்ட் லோ 1862-இல் நடைமுறைப்படுத்திய, பள்ளிகளுக்கான அரசு மானியம் பற்றிய திருத்த விதிகளின்படி, ஆறு வயதைக் கடந்து போதிய வருகையும் உள்ள பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பள்ளி 8 ஷில்லிங் மானியம் பெறலாம். ஆனால் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றுள் எதில் அப்பிள்ளை தவறினாலும் 2 ஷில்லிங் 8 பென்ஸ், அதாவது அதில் மூன்றில் ஒரு பங்கு, குறைக்கப்படும். தேர்வின் தொடக்கப் படியான முதல் நிலையில் உள்ள பிள்ளை, முன்பின் பார்த்திராத ஆய்வாளர் சொல்லச் சொல்ல, 20 வரையிலான எண்களைச் சிலேட்டிலோ கரும்பலகையிலோ எழுதிக்காட்ட வேண்டும். அந்தப் பிஞ்சு விரல்கள் நடுங்கினால் ஆசிரியரின் வருமானமும் நடுங்கும். ஆகவே பாடநூல் முழுவதையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விப்பதே பல பள்ளிகளின் வேலையாயிற்று. ஆய்வாளராக 1851 முதல் 35 ஆண்டுகள் பணியாற்றிய கவிஞர் மேத்யூ அர்னால்டு, இம்முறை கற்பித்தலை இயந்திரத்தனமாக்குகிறது என்று தம் அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் வருந்தி எழுதினார். தேர்ச்சியைப் பார்த்து மானியம் தரும் இவ்வழக்கம் நம் சென்னை மாகாணத்திலும் இருந்தது.

1890-களில் இங்கிலாந்தே இதைக் கைவிட்டது என்பதையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.