ரத்தம் போனாலே மூலமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் மூலத்துக்குக் கைவைத்தியம் எழுதியவர், மலத்தோடு ரத்தம் போக வேறு காரணமே இல்லாததுபோல் முடித்துவிட்டார். புற்றுநோயிலும் ரத்தம் போகும். தோட்டத்து டிரசர் (மருத்துவ உதவியாளர்) காலத்திலிருந்தே இந்தப் பக்கம் எல்லாவற்றுக்கும் ‘மூலச்சூடு’தான் பெயர்.

கையுறை விரலில் ஜெல் தடவி ஆசனவாய்க்குள் தடவிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். உள்மூலம் மெத்தென்று இருப்பதால் பெரும்பாலும் விரலுக்குத் தட்டாது. கெட்டியாக, அசையாமல் ஏதாவது தட்டினால் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். கிளினிக்கில் தரும், கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் மலப் பரிசோதனை அறிகுறி இல்லாதவர்களுக்கானது. கண்ணுக்கே ரத்தம் தெரிந்தவர் அதில் ‘நெகட்டிவ்’ வந்ததென்று நிம்மதியடையக் கூடாது. அவருக்குத் தேவை ஸ்கோப், அதாவது கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது.

குடலின் கடைசிப் பகுதியில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் அடினோகார்சினோமா என்ற சுரப்பிச் செல் வகை. அபூர்வ வகைகளில்தான் அறுவை வேண்டுமா, எவ்வளவு என்பது மாறுகிறது. ஆசனவாயின் செதிள் செல் புற்றுக்கு (தோல் போன்ற மேற்படலச் செல்களில் வருவது) முதல் சிகிச்சை அறுவையே அல்ல; கதிர்வீச்சும், கூடவே மைட்டோமைசின், 5-எஃப்யூ என்ற புற்று மருந்துகளும். அமெரிக்க அறுவை மருத்துவர் நைக்ரோ 1974-இல் இந்த வழியைக் காட்டும்வரை ஆசனவாயையே அகற்றி, வயிற்றில் மலம் சேர நிரந்தரப் பை வைப்பார்கள். சிகிச்சை தொடங்கிய 11-ஆம் வாரத்தில் கட்டி மிச்சம் தெரிந்தாலும், வளராதவரை 26-ஆம் வாரம் வரை பொறுக்கலாம். பலருக்கு அதற்குள் கரைந்துவிடும். அவசரப்பட்டால் பை வீணாக வந்து சேரும்.

மலக்குடலின் நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வருவது) வேறு மாதிரி. மேல் தோல் வழவழப்பாக, லேசான மஞ்சளாக, சின்னப் பாலிப் (சதைமொட்டு) போலவே இருக்கும். வேர் தோலுக்கு அடியில். சாதாரணச் சுருக்குக் கம்பியால் வெட்டினால் அடிப்பகுதி தங்கிவிடும். 1 செ.மீ.க்குக் குறைவென்றால் அடிப்படலத்தோடு ஸ்கோப் வழியாகவே எடுக்கலாம். 2 செ.மீ. தாண்டினால், நிணநீர்க் கணுக்களோடு மலக்குடல் அறுவைதான் வழக்கம்.

நிறமிச் செல்களில் வரும் புற்றான மெலனோமா இன்னும் ஏமாற்றும். கறுப்பாக இருந்தால் ரத்தம் உறைந்த மூலம் என்பார்கள். நிறமே இல்லாமலும் வரும். சுற்றிலும் விளிம்பு விட்டு வெட்டுவதைவிட ஆசனவாயையே எடுப்பதால் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை.

ஆகவே மூலம் அறுத்தவர்கள் வெட்டிய சதை லேபுக்குப் போனதா என்று கேளுங்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினால் லேப் அறிக்கையின் நகலையும், முடிந்தால் ஸ்லைடையும் (சதைத் துண்டு ஒட்டிய கண்ணாடித் தகடு) கையோடு கொண்டுபோங்கள். அபூர்வ வகையென்றால் இன்னொரு நிபுணர் அந்த ஸ்லைடைத் திரும்பப் பார்க்கக் கேட்பார். அது இல்லாமல் போனால் சதையை மறுபடி எடுக்க வேண்டிவரும்.

இப்படிக்கு,
அறுவைப் பிரிவுத் தாதியர் இருவர்,
சுங்கை சிப்புட்