க்ரப் திரையில் மாட்டிக்கொண்டவனைக் கரைசேர்த்த மூவருக்கு

அன்புள்ள மூவருக்கும் வணக்கம்.

நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உங்களில் ஒருவர் செய்தது மற்ற இருவருக்கும் தெரியாது. என் மடிக்கணினி இன்று டெபியன் என்ற லினக்ஸிலும் விண்டோஸிலும் ஒழுங்காக எழுந்திருக்கிறது என்றால் அதற்காக மூன்று பேர் தூக்கம் கெட்டிருக்கிறார்கள். அதை எல்லோரும் பார்க்க எழுதிவைக்க ஆசை. இதே இடங்களில் தடுமாறுகிற வேறு யாருக்காவது பயன்பட்டால் இன்னும் நல்லது.

அலுவலக அண்ணா, முதல் நன்றி உங்களுக்கு. என் கையைப் பிடித்துத் தடுத்ததற்கு.

விண்டோஸ் இருந்த கணினியில் டெபியனையும் சேர்க்கப் பென் டிரைவிலிருந்து நிறுவலைத் தொடங்கியிருந்தேன். வட்டைப் பிரிக்கும் கட்டம் வந்தபோது பட்டியலில் அந்தப் பென் டிரைவைத் தவிர வேறெதுவும் இல்லை. வட்டு செத்துவிட்டது என்றே முடிவுகட்டிவிட்டேன். தொலைபேசியில் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "பயாஸில் சேமிப்பகம் ரெய்டு என்று இருக்கிறதா, ஏஎச்சிஐ என்று இருக்கிறதா?" ரெய்டு. வட்டோடு கணினி பேசும் இரு முறைகள் அவை, பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையில் தேர்ந்தெடுப்பவை. இன்டெலின் ஆர்எஸ்டி என்ற சேமிப்பக ஏற்பாடு இயங்கும் கணினிகளில் என்விஎம்இ என்ற வேக வட்டு அதன் பின்னால் மறைந்துகொள்ளும், லினக்ஸ் நிறுவியின் கண்ணில் படாது என்று விளக்கினீர்கள். "அவ்வளவுதானே, மாற்றிவிடுகிறேன்" என்று கிளம்பினேன். "கையை எடு" என்றீர்கள். அந்தத் தொனியை நான் மறக்கவே மாட்டேன்.

அப்படியே மாற்றியிருந்தால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றிருக்கும். பழகிய டிரைவரை வைத்துக்கொண்டு அது வட்டைத் தேடும், வட்டு வேறு வழியில் வந்து நிற்கும். அதனால் முதலில் விண்டோஸுக்குள் போய் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைவுக் கருவியில் அடுத்த பூட் சேஃப் மோடில் என்று குறிக்கச் சொன்னீர்கள். பிறகு பயாஸில் ஏஎச்சிஐ. சேஃப் மோடில் ஒருமுறை எழுந்ததும் விண்டோஸ் புதிய டிரைவரைப் பிடித்துக்கொண்டது. குறியை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினால், எதுவுமே நடக்காததுபோல் வந்து நின்றது. இதற்கெல்லாம் முன்பே, வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதவைத்தீர்கள். எரிச்சலோடுதான் எழுதினேன். மாற்றம் முடிந்து முதல்முறை தொடங்கியபோது அது கேட்டது அந்த எண்ணைத்தான்.

அப்புறம், இறக்கிய ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபார்த்தாயா என்று போகிறபோக்கில் கேட்டீர்களே, அன்று "பார்த்தேன்" என்றேன். பொய். நீங்கள் போனை வைத்த பிறகுதான் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது, மன்னித்துவிடுங்கள்.

மருமகளே, அடுத்தது நீ.

நிறுவல் முடிந்தது, இயங்குதளத்தை எழுப்பும் க்ரப் என்ற நிரலின் மெனு வந்தது, டெபியனைத் தேர்ந்தெடுத்தேன், திரை கறுத்தது. விசிறி ஓடுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றுமில்லை. மூன்று முறை பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்த பிறகு உன்னைக் கூப்பிட்டேன். மறுநாள் உனக்குத் தேர்வு என்று எனக்குத் தெரியாது. நீயும் சொல்லவில்லை.

"மாமா, மெனுவில் என்டர் தட்டாதீங்க, 'இ' எழுத்தைத் தட்டுங்க" என்றாய். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய், அங்கிருந்த 'கொயட்' என்ற சொல்லை அழித்துவிட்டு 'நோமோட்செட்' என்று சேர்க்கச் சொன்னாய். பிறகு எஃப்10. எழுத்துகள் மழைபோல் கொட்டி, கடைசியில் உள்நுழையும் திரை வந்தது. தனி கிராஃபிக்ஸ் அட்டையை லினக்ஸின் மையமான கெர்னல் தன் கைக்கு எடுக்கும் இடத்தில்தான் திரை செத்திருக்கிறது. இந்தச் சொல்லைக் கொடுத்தால் அந்த வேலையை விட்டுவிட்டு, கணினியிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் ஏற்கெனவே அமைத்துவைத்த திரையோடு கெர்னல் ஒப்பேற்றிக்கொள்ளும். கொயட்டை ஏன் அழிக்கச் சொன்னாய் என்று கேட்டதற்கு, "அது இருந்தா கணினி வாயைப் பொத்திக்கும், எங்கே நிக்குதுன்னு தெரியாது" என்றாய். இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

இந்த மாற்றம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும்தான், சரியான டிரைவரைப் போட்டுவிட்டு இதை மறந்துவிட வேண்டும் என்றும் சொன்னாய். டிரைவரைப் போட்டேன். அது ஏறவில்லை. நம்பகமான கையொப்பம் இல்லாத நிரலை ஏற்காத செக்யூர் பூட் இயங்குவதால், என் கணினியில் தொகுத்த டிரைவரின் சாவியை நானே பதிவு செய்ய வேண்டுமாம். அதற்கான 'மோக்யூட்டில்' என்ற கட்டளை கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்தது. ஏதோ பழுது என்று பயந்து பேசாமல் இருந்தேன், பத்து விநாடியில் அதுவே போய்விட்டது. "அதுதான் மாமா நீங்க காத்திருந்த திரை!" என்று நீ சிரித்த சிரிப்பில் உன் அம்மாவே விழித்துக்கொண்டாள். இரண்டாம் முறை சரியாக விசையை அழுத்திச் சாவியைப் பதிந்தேன்.

இந்த ஏற்பாட்டின் வேர் 2012-இல் மேத்யூ காரெட் உருவாக்கிய ஷிம் என்ற சிறு நிரலில் இருக்கிறது. ஃபர்ம்வேர் நம்பும் கையொப்பத்தோடு அது முதலில் எழும், பிறகு க்ரப்பை எழுப்பும். டெபியனில் இது 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. அது இல்லையென்றால் நான் செக்யூர் பூட்டையே அணைத்திருப்பேன். முகம் தெரியாத அவருக்கும் இந்த மடலில் ஓரிடம் உண்டு.

டீச்சர், உங்களிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மற்ற இரண்டும் எனக்கு வந்த சோதனை. இது நானாகத் தேடிக்கொண்டது.

டெபியன் நன்றாக ஓடவே தைரியம் வந்துவிட்டது. சோதித்துப் பார்க்க இன்னொரு லினக்ஸையும் பக்கத்தில் போட்டேன். ஒரு வாரத்தில் அலுத்துவிட்டது. விண்டோஸிலிருந்தே அதன் பகுதியை அழித்தேன், வீட்டைக் கூட்டித் துடைத்த திருப்தி. மறுநாள் காலை கறுப்புத் திரையில் 'க்ரப்' என்ற சொல், ஓர் அம்புக்குறி, கண்சிமிட்டும் கோடு. மெனு இல்லை.

எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் உங்களிடம் படித்தவன் திடீரென்று கூப்பிடுகிறேன், நீங்கள் நலம்கூட விசாரிக்கவில்லை. "திரையில் என்ன இருக்கிறது? அப்படியே வாசி" என்றீர்கள். வகுப்பில் இருந்த அதே குரல்.

எல்எஸ் என்று தட்டவைத்தீர்கள். வட்டின் பகுதிகள் அடைப்புக்குறிக்குள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று பார்த்து வாசிக்கச் சொன்னீர்கள். நான்காவதில் தெரியாத கோப்பமைப்பு என்றது. ஐந்தாவதில் பூட், ஈடிசி, ஹோம் என்று வாசித்தபோது "நிறுத்து, அதுதான் உன் டெபியன்" என்றீர்கள். அந்தப் பகுதியிலுள்ள க்ரப் அமைவுக் கோப்பைக் கான்ஃபிக்ஃபைல் கட்டளையால் அழைத்ததும் மெனு வந்தது. ஒரு பைட்டும் அழியவில்லை. அழித்த லினக்ஸின் க்ரப் மட்டும், தொடக்க நிரல்கள் இருக்கும் ஈஎஃப்ஐ பகுதியில் மிச்சமிருந்தது, அதுவே பூட் வரிசையில் முதலில் நின்று, இல்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. டெபியனுக்குள் போய், பூட் வரிசையைத் திருத்தும் ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆரில் அந்தப் பதிவை நீக்கினோம். எண்ணை நான் இரண்டு முறை வாசித்துக்காட்டிய பிறகுதான் என்டர் தட்டவிட்டீர்கள்.

போனை வைக்கும் முன் நான் கேட்ட சில்லறைச் சந்தேகத்தையும் தீர்த்துவைத்தீர்கள். என் மெனுவில் விண்டோஸ் வந்ததே இல்லை, எஃப்12 தட்டித்தான் போய்க்கொண்டிருந்தேன். 2021-இல் வந்த க்ரப் 2.06-லிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. அமைவுக் கோப்பில் ஒரே வரி, பிறகு அப்டேட்-க்ரப், வந்துவிட்டது.

அண்ணா, அந்த 48 இலக்கத் தாளை மடித்து மடிக்கணினிப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். திருடனுக்குச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பாயா என்று திட்டுவீர்கள் என்பதால் நேற்றுதான் அலமாரிக்கு மாற்றினேன். டீச்சர், உங்கள் பழைய மேசைக் கணினியில் டெபியனைப் போட வேண்டும் என்றீர்கள். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லுங்கள், நான் வருகிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். மருமகளே, உன் பென் டிரைவ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதில் இருந்த உன் பாடக் குறிப்புகளை, நிறுவல் கோப்பை எழுதுவதற்கு முன் வேறிடத்தில் எடுத்துவைத்தேனா என்று கேட்டிருந்தாய். அதை நேரில் பேசிக்கொள்வோம்.

நன்றியுடன்,
உங்கள் மாணவன், தம்பி, மாமா